கடிகாரம் கட்டிய கை

அனுப்பிரியா என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிடச் சொல்லிப் பெரியம்மா சின்ன வயதில் என்னைப் பலமுறை திருத்தியிருக்கிறார். நான் கூப்பிட்டதே இல்லை. அவளிடம்தான் ஏற்கெனவே எல்லாம் இருக்கிறதே, இதையும் ஏன் கொடுக்க வேண்டும் என்று தோன்றும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். அனு அழைத்தாள்.

"ஏய் மலர், நம்ம ஸ்டூடியோ போட்டோ ஞாபகம் இருக்கா? தீபாவளிக்கு எடுத்தது?"

"இருக்கு."

"அத வச்சு பெரிய பெயிண்டிங் ஒண்ணு பண்ணிருக்கேன் லா. கிள்ளான்ல புதுசா ஒரு மியூசியம் தொறந்திருக்காங்க தெரியுமா? அங்க மாட்டிட்டாங்க! ஞாயித்துக்கெழம அப்பா அம்மா வராங்க. நீயும் சித்தியும் கண்டிப்பா வரணும்."

நம்ம போட்டோ என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மிச்ச நாட்களை ஓட்டினேன்.

அந்தப் படம் பிரிக்பீல்ட்ஸில் பெரியப்பா வீட்டு முன்கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்தது. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பெரியம்மா, இன்னொன்றில் பெரியப்பா, நடுவில் ஐந்து வயது அனு. பெரியப்பாவுக்கு அந்தப் பக்கம், படத்தின் ஓரத்தில், ஒரு முக்காலியின் மேல் மஞ்சள் கவுன் போட்டு நான் நிற்பேன். பெரியப்பாவின் வலது கை அவர் முழங்கால் மேல் கிடக்கும். இடது கை, கடிகாரம் கட்டிய கை, என் தோளில் இருக்கும்.

என் அப்பா லோரி ஓட்டியவர். எனக்கு மூன்று வயதாகும்போது ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். என் தோளில் ஓர் ஆணின் கை இருக்கும் படம் என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதுவும் இன்னொருவர் வீட்டுச் சுவரில்.

நான் அந்தப் படத்துக்குள் வந்த கதை குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா வீட்டில் மூன்றே பேர். மூன்று பேராகச் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது நம் ஆட்களிடம் உண்டு. ஸ்டூடியோ வைத்திருந்த சீனருக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. "தீகா ஓராங் தாக் போலே!" என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் கேமராவைத் தொடவே மறுத்துவிட்டாராம். மூன்று பேர் கூடாது, நடுவில் நிற்பவருக்கு ஆகாது. துணைக்கு வந்த அம்மா, என்னை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு போய் நாலாவது ஆளாக நிறுத்தினார்கள். அம்மாவைக் கூப்பிடவில்லை. பெரியவர் ஒருவர் நின்றால் இது யார் என்று கேட்பார்கள். குழந்தையை யாரும் கேட்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசை குமுதா அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, நான் மியூசியத்துல இருக்கேன்."

"செத்தவங்க சாமானத்தானேடி அங்க வப்பாங்க?"

"பெயிண்டிங் அக்கா. என் சொந்தக்காரப் பொண்ணு வரைஞ்சது. அதுல நான் இருக்கேன்."

"அப்படியா! போய் போட்டோ எடுத்துட்டு வா. பாக்காம நம்ப மாட்டேன்."

சனிக்கிழமை கிள்ளானுக்குப் போய் ஒரு மஞ்சள் குர்த்தா வாங்கினேன். மஞ்சள் எனக்கு எடுப்பாக இருக்காது, முகம் இன்னும் கறுத்துத் தெரியும். ஆனாலும் வாங்கினேன். ஓவியத்தைப் பார்க்கிறவர்கள் திரும்பி என்னைப் பார்த்து, இது நீங்கள்தானே என்று கேட்க வேண்டும். அதற்கு என்ன பதில் சொல்வது, எப்படிச் சிரிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

நான் பேருந்தில் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் அருங்காட்சியகங்களுக்குப் பளிங்குப் படிகள் இருக்கும். வெளியே பனி கொட்டும். யாராவது ஒருவர் கம்பளி அங்கியைக் கழற்றாமலே ஓர் ஓவியத்தின் முன் நின்று தன் வாழ்க்கை முழுவதையும் புரிந்துகொள்வார். கிள்ளானில் இருந்தது பழைய இரண்டு மாடிக் கடைவீடு. ஐந்தடி நடைபாதையில் கார் பழுது பார்க்கும் கடையின் டயர்கள் அடுக்கியிருந்தன. உள்ளே குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு நீல வாளி வைத்திருந்தார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. நான் மாட்டியிருக்கும் இடம் அது.

பெரியப்பா, பெரியம்மா, அனு மூவரும் கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா திருச்செல்வம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வார் மாற்றிய அதே பழைய கடிகாரம் இன்னும் அவர் கையில் இருக்கிறது. அனு கறுப்பு உடையில் வந்திருந்தாள். கழுத்தில் அருங்காட்சியக அட்டை தொங்கியது. அவளுடைய கைப்பை பெரியப்பாவின் தோளில் கிடந்தது, தண்ணீர்ப் புட்டி அவர் கையில் இருந்தது. இருபத்தாறு வயதுப் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது பற்றி அவருக்கு எந்த வெட்கமும் இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"என்ன மலரு, மஞ்சளா மின்னுற?" என்றார் பெரியம்மா உஷாராணி.

"சும்மாதான் பெரியம்மா."

அம்மா மட்டும் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அம்மாவுக்குப் புரிந்திருக்கும்.

வாசலில் காவலுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஆளாக ஷம்சுதீன் அங்கிள் இருந்தார். அனுவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க வாங்க, ஆர்ட்டிஸ்ட் வந்துட்டாங்க! இதுதான் அப்பாவா? படத்துல பார்த்த மாதிரியே இருக்கீங்க அய்யா." பெரியப்பா வெட்கத்தோடு பையை மறு தோளுக்கு மாற்றினார். நானும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றேன். ஷம்சுதீன் அங்கிள் என்னைப் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார். சரி, ஐந்து வயது முகம் வேறுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்த்தளம் முழுக்க கிள்ளானின் வரலாறு. ஆற்றங்கரைப் படகுகளின் படங்கள், ரப்பர் பால் எடுத்த வாளிகள், பழைய பேருந்துச் சீட்டுகள். ரயில்வே பகுதியில் ஒரு சிக்னல் விளக்கு இருந்தது. பெரியப்பா அதன் முன் நின்றுவிட்டார்.

"இந்த மாதிரி வெளக்க நான் தொடச்சிருக்கேன். சரியாத் தொடைக்கலன்னா ஃபோர்மன் காதுலயே போடுவான்."

"அப்பா, தொடாதீங்க!"

"தொடலமா. தூசி இருக்கு, ஊதுறேன்."

"அப்பா!"

அப்பா, இங்க வாங்க. அப்பா, இதப் பாருங்க. அப்பா, அந்தப் பக்கம் படி, பாத்து. அவள் வாயில் அந்தச் சொல் மூச்சு விடுவது போல வந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சொல்லைக் கடைசியாக எப்போது, யாரைப் பார்த்துச் சொன்னேன் என்பதே நினைவில்லை. பள்ளிக்கூடப் படிவங்களில் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மேல் மாடியில் ஓவியங்கள். படியேறி வலது பக்கம் திரும்பியதும் அனுவின் ஓவியம் சுவர் முழுவதும் நின்றது. பெரியம்மா, "யம்மாடி!" என்று மார்பில் கை வைத்தார். இரண்டு நாற்காலிகள். பச்சைப் பட்டில் பெரியம்மா. நீலச் சட்டையில் பெரியப்பா. நடுவில் அனு. ஓரத்தில் அந்த முக்காலி.

முக்காலியின் மேல் ஒரு கல் இருந்தது.

உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் பிடிக்கும் அளவில் ஒரு சாம்பல் நிற ஆற்றுக்கல். அதை அவள் மிகவும் அழகாக வரைந்திருந்தாள். ஒரு பக்கம் ஈரம் காயாதது போல மினுக்கம், அடியில் மெல்லிய நிழல். மஞ்சள் எங்கேயும் இல்லை. கீழே இருந்த பலகையில் தலைப்பு 'நாலாவது' என்று இருந்தது. எங்கள் வழக்கத்தில் மூவராகப் படம் எடுப்பதோ நல்ல காரியத்துக்குக் கிளம்புவதோ இல்லை, நாலாவதாக ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது.

"இந்தக் கல்லுக்குத்தான் கிராக்கி," என்றார் பின்னாலேயே ஏறி வந்த ஷம்சுதீன் அங்கிள். "வர்றவங்க எல்லாம் அதத்தான் கிட்டப் போய்ப் பாக்குறாங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சீனப் பெண் முன்னால் வந்து, கல்லை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

"அப்ப மலரு?" என்றார் பெரியம்மா. "மலருதானே நின்னா?"

"அம்மா, அது வேற. மலர வரைஞ்சா ரெண்டு பொண்ணுங்க உள்ள வீடுன்னு நெனப்பாங்க. கதையே மாறிடும். கல்லுன்னா ஐடியா கிளியரா இருக்கும் லா."

"அதுவும் சரிதான். மூணு பேரா விடாம கல்லாச்சும் வச்சியே."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. பெரியம்மா ஓவியத்தில் தன் கழுத்துச் சங்கிலி சரியாக வந்திருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு திடீரென்று, "ஏண்டி, அப்பா கை ஏன் இவ்ளோ நீளம்?" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் தோளில் இருந்த கை முக்காலிப் பக்கம் இல்லை. அது பெரியப்பாவின் மார்பைக் குறுக்கே கடந்து, நடுவில் நின்ற அனுவின் தோளுக்குப் போயிருந்தது. அவ்வளவு தூரம் எட்டுவதற்காக முழங்கைக்குக் கீழே ஒரு சாண் கூடுதலாக வளர்ந்திருந்தது. வலது கை அனுவுக்குப் பக்கத்திலேயே, முழங்கால் மேல் சும்மாதான் கிடந்தது. அதைத் தூக்கி வைத்திருந்தால் போதும், சரியாக வந்திருக்கும். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. கடிகாரம் கட்டிய கைதான் வேண்டும்.

"சம்பாரிச்சு சம்பாரிச்சுக் குடுத்ததுல நீண்டுடுச்சு," என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அனு சிரிக்கவில்லை. கழுத்து அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஓவியத்தின் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அசல் போட்டோவை வைத்திருந்தார்கள். நான் அங்கே போய்விட்டேன். அம்மா பின்னாலேயே வந்தார். படத்தில் நான் இருந்தேன். மஞ்சள் கவுன், எண்ணெய் வழியும் நெற்றி, தோளில் கை. ஆனால் தொலைக்காட்சிக்கு மேலே எட்டத்தில் பார்த்ததற்கும் இப்படிக் குனிந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருந்தது. பெரியப்பாவின் விரல்கள் கவுனின் கைப்பகுதிக்குள் புதைந்திருந்தன.

"எவ்ளோ அழுத்தமா புடிச்சிருக்காரு பாருங்கம்மா," என்றேன். நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

அம்மா குனிந்து பார்த்தார். "பின்ன? என்கிட்ட ஓடி வந்துரணும்னு நீ அந்தக் கத்து கத்துன. முக்காலியிலேர்ந்து ரெண்டு தடவ குதிச்சிட்ட. அந்தச் சீனன் மணி பாக்குறான். 'புள்ளையப் புடிங்க மாமா'ன்னு நான்தான் உள்ள ஓடி வந்து திரையோரமா நின்னு சொன்னேன். புடிச்ச புடியில தோளு செவந்து போச்சு. வீட்டுக்கு வந்து எண்ணெ தடவுனேன்."

"சும்மா சொல்லாதீங்க."

"எனக்கு என்ன பொய்? கண்ணப் பாரு."

கண்களைப் பார்த்தேன். கேமராவைப் பார்க்கவில்லை அவை. படத்துக்கு வெளியே, திரையோரமாக நிற்கும் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. அழுது ஓய்ந்த பளபளப்பு இருந்தது. இத்தனை வருடம் அதை ஸ்டூடியோ விளக்கு என்று நினைத்திருந்தேன்.

அம்மா கழிவறையைத் தேடிப் போனதும் அனு வந்து என் பக்கத்தில் நின்றாள். இருவரும் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கோவமா?"

"எதுக்கு?"

"நீ இல்லன்னு."

"கல்லு நல்லா இருக்கு," என்றேன். "கை மட்டும்தான் சரியில்ல."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அது இனித்தது.

"ஏழு தடவ அழிச்சு வரைஞ்சேன் தெரியுமா?" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "ஒவ்வொரு நாளும் டிவி பாக்குறப்போ மேல இதப் பாக்கணும். வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் உன்னக் காட்டி, 'இது சின்னப் பொண்ணா?'ன்னு கேப்பாங்க. அப்பா 'ஆமா'ன்னு சொல்லிடுவாரு. இல்லன்னு சொல்ல அவருக்குச் சோம்பேறித்தனம். 'சின்னவதான் செல்லமோ, கைய அங்க வச்சிருக்கீங்க'ன்னு சிரிப்பாங்க. அதுக்கும் ஆமாம்பாரு."

ஆமாம் என்று சொன்னாராம். நான் இல்லாத வீட்டில், எனக்குத் தெரியாமல், இத்தனை பேரிடம். கொஞ்ச நேரம் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. பிறகு அனுவைப் பார்த்தேன். அவளுடைய கண் அந்தப் படத்தில் அந்த ஒரே இடத்தில் நின்றிருந்தது. நானும் எப்போதும் பார்க்கும் இடம் அதுதான். அது செல்லம் இல்லை, குதித்து ஓடும் பிள்ளையைப் பிடித்த பிடி என்று ஒரு வரி சொன்னால் போதும். இந்த ஏழு தடவைக்கும் அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லாதது.

"படம் எடுத்துக்குவோம் வாங்க!" என்று பெரியம்மா கூப்பிட்டார். ஷம்சுதீன் அங்கிள் கீழே ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்குறேன் பெரியம்மா. நீங்க நாலு பேரு நில்லுங்க. நாலு பேருன்னா ராசிதானே? கல்லுகூடத் தேவையில்ல."

அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். பெரியம்மாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. "ஆமா ஆமா, நாலு நல்லது," என்று அம்மாவை இழுத்து நிறுத்திக்கொண்டார்.

ஓவியத்தின் முன் நான்கு பேரும் நின்றார்கள். கைப்பேசித் திரையில் முதலில் தெரிந்தது அந்தக் கல்தான்.

"பெரியம்மா, கொஞ்சம் ரைட்ல நகருங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு அடி. ஆங், அப்படியே நில்லுங்க."

பெரியம்மாவின் கொண்டை கல்லை முழுவதும் மறைத்துவிட்டது. பெரியப்பா தோளில் பையோடு நின்றார். பக்கத்தில் அனு. அவள் தலையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்து, தோளை இறக்கி வைத்துக்கொண்டு நின்ற விதத்தில் ஒரு காத்திருப்பு தெரிந்தது. எனக்குத் தெரியாதா அது? பெரியப்பாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தண்ணீர்ப் புட்டியை வலது கைக்கு மாற்றினார். இடது கை மேலே எழுந்தது.

எழுந்து, அனுவின் தோளுக்குப் போகாமல், என் பக்கம் நீண்டது.

"நீ ஏம்மா அங்க நிக்கிற? வா, வந்து நில்லு. வேற யாராச்சும் எடுக்கட்டும்."

நான் அழுத்திவிட்டேன்.

"எடுத்தாச்சா?" என்றாள் அனு. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். "இன்னொண்ணு எடு."

"இல்ல, மலரும் வரட்டும்..." என்று பெரியப்பா தொடங்கினார்.

"அவதான் எடுக்குறேங்கிறா இல்ல? அப்பா, இங்க." அவரது கையை அவளே பிடித்து, தன் தோளின் மேல் வைத்து, விலகாமலிருக்க மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள். பெரியப்பா சிக்னல் கம்பம் போல விறைப்பாக நின்றார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. குவியம் சரிபார்த்து, கடிகாரம் நன்றாகத் தெரியும்படி எடுத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அந்த இரண்டாவது படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வாழையிலைக்கு அந்தப் பக்கம் அனு கைப்பேசியைப் பார்த்தாள். பெரிதாக்கினாள். அவளுடைய முகம் ஐந்து வயதுக்குப் போய் வந்தது. "நல்லா எடுத்திருக்க லா," என்றாள். அவளுடைய அப்பளத்தை உடைத்து எனக்குப் பாதி வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன்.

முதல் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை குமுதா அக்கா பையைக்கூட வைக்காமல் என் மேசைக்கு வந்தார்.

"எங்கடி, காட்டு."

கைப்பேசியை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். பின்னால் சுவர் முழுக்க ஓவியம். முன்னால் நான்கு பேர்.

"பெயிண்டிங் பெருசாத்தான் இருக்கு. நீ எங்க இதுல? இல்லவே இல்லியே."

அவர் திரையை விரலால் விரித்தார். பெரியம்மாவின் கொண்டையைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, நீட்டிய கையில் வந்து நிறுத்தினார்.

"கடிகாரம் கட்டியிருக்காரே, இவரு யாரைக் கூப்பிடுறாரு?"

"என்னைத்தான் அக்கா," என்றேன்.